பியோ சாங்கில் அழித்துவிட்ட நான்கு வரிகள்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் கூ பொன்மோ அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சாங்கிலின் மனைவி, தங்கச்சி ஒக்சுன் அவர்களே, பணிமனையிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் பஸ் ஓட்டுநர்களே, அன்று காலை வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படகைத் திருப்பிய மீனவ நண்பர்களே, ஒரே பந்தயத்தில் நீந்தியும் சைக்கிள் மிதித்தும் ஓடியும் முட்டி தேய்ந்துபோன என் சங்கத்து மக்களே! அனைவருக்கும் தக் ஜொங்மினின் வணக்கம்.

நான் இந்தச் சங்கத்தின் துணைத்தலைவன். சந்தைக்குப் பின்னால் பொதுக் குளியலகம் நடத்துகிறவன். வாய் கொஞ்சம் நீளம் என்று இந்த ஊரில் பெயரெடுத்தவன். அந்த வாயைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

பியோ சாங்கில்! பதினோரு ஆண்டுகள் நம் சங்கத்தின் பாதுகாப்புத் தலைவர். துறைமுகத்திலிருந்து சந்தை வழியாக மலையடிவாரம் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். மீன் கூடையோடு ஓடிவரும் பெண்களுக்காக அரை நிமிடம் வண்டியை நிறுத்தி, அந்த அரை நிமிடத்தை அடுத்த திருப்பத்தில் மீட்டுவிடுகிற கெட்டிக்காரர். அவரளவுக்கு வேகமாக நீந்துகிறவன் அவர் வயதில் நம்மில் யார் இருந்தான்? ஒருவனும் இல்லை! ஆனாலும் பயிற்சி நாளில் அவர் எங்கே நீந்தினார்? எல்லோருக்கும் பின்னால். கடைசி ஆளின் காலடியில். கடைசி ஆளுக்குப் பின்னால் நீந்துகிறவனுக்கு எந்த ஊரில் பதக்கம் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்?

ஏழு ஆண்டுகளுக்கு முன், மே மாதம், பருவத்தின் முதல் பந்தயம். கிழக்குக் கடல் தண்ணீர் பதின்மூன்று டிகிரி குளிர். அன்று கடைசி ஆள் நான்தான். இரண்டாவது மிதவையைத் தாண்டியதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்த சாங்கிலின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டேன்.

"அண்ணே, கழுத்தை விடுங்க. விடுங்கன்னா! மல்லாந்து படுங்க."

"செத்துருவேன்டா சாங்கில்!"

"நீங்க செத்துட்டா எனக்கு யாரு ஓசியில துண்டு தருவா? படுங்கண்ணே. மூச்சை வெளிய விடுங்க. முழுசா விடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப வானத்தைப் பாருங்க, நான் தலையைப் பிடிச்சிருக்கேன்."

கரை வரைக்கும் அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தார். சங்கத்தின் இணையப் பக்கத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'கடல் அமைதி. தம்பி சாங்கிலோடு பேசிக்கொண்டே சுகமாக நீந்தினேன்.' எழுதியதைக் கூச்சமில்லாமல் அன்று மாலை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். சாங்கில் கை தட்டினார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். உண்மையை ஒருவரிடமும் சொல்லவில்லை, இன்றைய தேதி வரை நீங்கள் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். மார்ச் மாதம் கடற்கரையில் பன்றித் தலையைப் படைத்து, அரிசிக்கள் ஊற்றி, விழுந்து கும்பிட்டுப் பருவத்தைத் தொடங்குகிறோம். கும்பிட்ட நாளிலிருந்து அபசகுனமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடு. முதல் பந்தயம் முடிந்ததும் ஆளாளுக்கு அனுபவக் குறிப்பு எழுதுகிறோம். மேசையிலேயே கறி சுட்டுத் தின்னும் கறிக்கடையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறோம். வாசித்தவனுக்கு ஒரு கிண்ணம் கள். 'இரும்பு மனிதா!' என்று எல்லோரும் கத்துகிறோம். அந்தக் குறிப்புகளில் எதிர்காற்று இருக்கும், கால் பிடிப்பு இருக்கும், பஞ்சரான டயர் இருக்கும். பயம் இருந்திருக்கிறதா? பதினோரு ஆண்டுகளில் ஒரு வரி? மூச்சு முட்டியது என்று யாராவது முணுமுணுத்தால் என்ன சொல்வோம்? 'குளிர்காலத்தில் நீந்தாமல் உடம்பில் ஏறிய துரு. முதல் பந்தயத்தில் எல்லோருக்கும் வருவதுதான். அடுத்ததில் சரியாகிவிடும்.' எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! நானே நூறு முறை சொல்லியிருப்பேன்.

இந்த ஆண்டு மே முதல் ஞாயிறு. நான் நீரிலிருந்து ஏறி சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தபோது சாங்கில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் நீச்சல் உடுப்பை இடுப்பு வரை கழற்றியிருந்தார். விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"உப்புத்தண்ணி குடிச்சுட்டேன் போலண்ணே. நீங்க போங்க, நேரம் போகுது."

நான் போய்விட்டேன். நேரம் போகிறதல்லவா! அறுபத்தொரு வயதுக் கிழவனுக்கு என்ன நேரமோ, என்ன போகிறதோ!

அன்று மாலை கறிக்கடையில் நாற்பது பேர் இருந்தோம். சாங்கிலின் முறை வந்தது. கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். வெயில், கூட்டம் என்று தொடங்கியவர் நடுவில் இதை வாசித்தார். என் காதில் இன்னும் இருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

'அறுநூறு மீட்டர் தாண்டியதும் மூச்சு வரவில்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. கரையேறித் துப்பினேன், இளஞ்சிவப்பு நுரையாக வந்தது. நான் மிகவும் பயந்துபோனேன்.'

நான்கே வரிகள். அடுப்பில் கறி தீய்ந்துகொண்டிருந்தது, திருப்பிப் போட ஒரு கை நீளவில்லை. பிறகு ஒரு வாய் திறந்தது. இந்த வாய்தான்!

"டேய், மூச்சு ஏன் வரலைன்னு நான் சொல்றேன்! உடுப்பு ஒண்ணும் சுருங்கலடா, உன் தொப்பைதான் குளிர்காலத்துல குட்டி போட்டிருக்கு!"

கடையே குலுங்கிச் சிரித்தது. "பஸ் சீட்டுலயே குந்திக்கிட்டிருந்தா இப்படித்தான்!" என்றார் ஒருவர். தலைவர் எழுந்து, "பூசை போட்டாச்சு, இனிமே இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அபராதம். குடிய்யா ஒரு கிண்ணம்!" என்றார். சாங்கில் குடித்தார். அவரும் சிரித்தார். "சரி, விடுங்கப்பா, விடுங்க" என்று மீதியை வாசிக்காமலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் அந்த நான்கு வரிகளையும் அழித்துவிட்டார். இணையப் பக்கத்தில் அவர் குறிப்பு இப்போதும் இருக்கிறது. 'திருத்தப்பட்டது' என்று கீழே சின்னதாகப் போட்டிருக்கிறது. வெயில் இதமாக இருந்தது என்கிறது குறிப்பு. அதன் அடியில் இருபத்தேழு பேர் 'இரும்பு மனிதரே!' என்று வாழ்த்தியிருக்கிறோம்.

அதே மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலை நம் கடற்கரையில் பயிற்சி. வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் அவர் இறங்கினார். கடைசி ஆள் கரையேறிய பிறகு பின்னால் யாரும் இல்லை. "வருவான், வருவான். நம்மளைப் பயமுறுத்த மிதவைக்குப் பின்னால ஒளிஞ்சிருப்பான்" என்று சொன்னதும் நான்தான். மீனவர் படகுதான் அவர் உடலைக் கொண்டுவந்தது. ஐம்பத்தேழு வயது. கடைசி ஆளைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்! அவருக்குப் பின்னால் நீந்த நம்மில் ஒருவன் இருந்தானா? இதுவரை ஒருவனுக்காவது அது தோன்றியிருக்கிறதா?

இறுதிச் சடங்கு மண்டபத்தில் காரமான மாட்டிறைச்சிச் சூப்பு கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே நம் சங்கத்துச் செவிலி யூன்ஜு உட்கார்ந்திருந்தாள். கறிக்கடைக்கு அவள் வரவில்லை, அன்று அவளுக்குப் பணி. யாரோ அந்த இளஞ்சிவப்பு நுரையைப் பற்றிச் சொல்ல, அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னது? எப்ப சொன்னாரு? மறுநாள் காலையில நான் படிச்சேனே! அப்படி ஒரு வரியே இல்லையே ஐயா!"

"அழிச்சுட்டான்மா."

"ஐயோ! குளிர்ந்த தண்ணி, இறுக்கமான உடுப்பு, கூடவே முழு மூச்சா நீச்சல். சில பேருக்கு நுரையீரல்ல உள்ளுக்குள்ளயே தண்ணி கோத்துக்கும். கடல்தண்ணி குடிச்சதால வர்றது இல்ல அது. ஒரு தடவை வந்தவங்க டாக்டரைப் பார்க்காம மறுபடி இறங்கவே கூடாது. அதனாலதான் போனாருன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த வரியைப் படிச்சிருந்தா, அன்னைக்கே அவரைக் கையோட ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அப்போதுதான் தங்கச்சி ஒக்சுன் எங்கள் மேசைக்கு வந்தார். என்னிடம் கேட்டார்.

"வீட்டுல வந்து ஒண்ணுமே சொல்லலைங்க அவரு. உங்ககிட்டயாவது உடம்பு சரியில்லைன்னு சொன்னாரா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

கேட்டீர்களா! அவர் படம் மாலையோடு பத்தடி தூரத்தில் இருக்கிறது, நான் பொய் சொன்னேன். தங்கச்சி, இத்தனை பேர் முன்னிலையில் திருத்திச் சொல்கிறேன். சொன்னார். எழுதி வைத்துக்கொண்டு நிதானமாக, நாற்பது பேருக்குக் கேட்கும்படி சொன்னார். நாங்கள் சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏன் சிரித்தேன்? அது இன்னும் மோசமான கதை. அந்த மே முதல் ஞாயிறு, சாங்கில் இருமிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டிப் போனேனே, கழிப்பறைக்குப் பின்னால் போய் நானும் துப்பினேன். என்னுடையதும் இளஞ்சிவப்பு நுரைதான்! மண்ணைத் தள்ளி மூடிவிட்டு சைக்கிளில் ஏறினேன். மாலையில் அவர் அதை வாசித்தபோது கறிக்கடையில் என்னைவிட அதிகமாகப் பயந்தவன் கிடையாது. எனக்கு வந்தது அவருக்கும் வந்திருக்கிறது, அப்படியென்றால் இது துரு இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் சிரித்தேன். அவர் பேச்சை நிறுத்தாவிட்டால் நான் எழுந்து, 'எனக்கும்தான்' என்று சொல்ல வேண்டியிருக்குமே!

மியொங்ஜா, உட்காரு. மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்பது என் மனைவிதான். உட்காரும்மா, நீ திட்ட வேண்டியதை வீட்டில் வைத்துத் திட்டு. ஆமாம், உனக்கும் நான் சொல்லவில்லை. மூன்று வாரமாக என் குளியலகத்துத் தொட்டியில் நானே இறங்கவில்லை. வெந்நீர்தான், இடுப்பளவுதான், ஊரே சுகமாகப் படுத்துக் கிடக்கிறது. எனக்கோ தண்ணீர் நெஞ்சைத் தொடப்போகிறது என்றாலே காது அடைக்கிறது. வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவர்களே, தோழர்களே, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது!

வருகிற சனிக்கிழமை பாதுகாப்புத் தலைவரின் நினைவாக, கையில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு நாம் எல்லோரும் அதே கடலில் நீந்துவதாகத் தலைவர் அறிவித்திருக்கிறார். சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது. கடல் இன்றைக்குப் பதினாலு டிகிரி. நான் இறங்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன். நீங்களும் இறங்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த அறையில் இன்னும் எத்தனை பேர் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னை உலுக்குகிறது. முப்பது பேர் இறங்குவோம், முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு இறங்குவோம்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது முறை. நான் எடுக்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு யூன்ஜுவோடு போய் நெஞ்சைக் காட்டுகிறேன். டாக்டர் வேண்டாம் என்றால் உடுப்பை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டு, பாதுகாப்புத் தலைவர் விட்டுப்போன வேலையைக் கரையில் நின்று பார்க்கிறேன். இனிமேல் நம் அனுபவக் குறிப்பின் முதல் வரி, எங்கே பயந்தேன் என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதை எழுதாதவன் என் கண் முன்னால் தண்ணீரில் கால் வைக்க முடியாது. அவன் எப்பேர்ப்பட்ட இரும்பாக இருந்தாலும் சரி! பியோ சாங்கில் எழுதினார். எழுதத் துணிந்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நாம் கோழை மாதிரி உட்கார வைத்தோம்.

முடித்துவிட்டேன். இனி நீங்கள் பேசுங்கள். முதல் பந்தயத்தில் மூச்சு வராதவர்கள், துப்பியதைப் பார்த்துப் பதறியவர்கள், வீட்டில் சொல்லாதவர்கள், யாராக இருந்தாலும் கை தூக்குங்கள். அவமானம் ஒன்றும் இல்லை. பின்வரிசையில் யாராவது? ஒருவரும் இல்லையா? ஏன் எல்லோரும் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

தலைவரே! கையை எதற்குத் தூக்கியிருக்கிறீர்கள்? என்னை மேடையிலிருந்து இறங்கச் சொல்கிறீர்களா? இறங்கிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம்.

அதற்கு இல்லையா?

பொன்மோ அண்ணே... உங்களுக்குமா? எப்போதிலிருந்து? யூன்ஜு, நீ மேடைக்கு வாம்மா. மைக்கை அவரிடம் கொடுங்கள். யாரும் சிரிக்காதீர்கள்.