ஜெனுஷாவின் இடது கன்னம்

முகம் கழுவக் கொதிக்கிற தண்ணீர் கூடாது. எங்கள் அக்கரப்பத்தனைக் குளிரில் இதைவிட யாருக்கும் பிடிக்காத புத்திமதி கிடையாது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பல் தந்தியடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பரு வந்த பிள்ளைகளுக்கு நான் நடுவாகத்தான் சொல்வேன்: கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, நாளைக்கு இரண்டு தடவை, உரசித் தேய்க்காமல் விரல் நுனியால். முகம் என்ன, அடிப்பிடித்த சட்டியா?

டொக்டர், போன புதன்கிழமை கிளினிக்கில் நீங்கள் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டி, "இந்தப் பிள்ளைட கன்னத்தில என்னென்ன பூசினீங்க, எப்பப் பூசினீங்க, ஒண்டும் விடாம எழுதிக்கொண்டு வாங்க. அது தெரியாம நான் மருந்து தொடங்க ஏலாது" என்றீர்கள். ஒரு தாள் போதவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிரியந்தி. வயது இருபத்திரண்டு. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பெறுபேறு என்னை மருத்துவபீடத்துக்கு அனுப்பவில்லை. லிந்துலை டவுனில் சரிபுதீன் நானாவின் ஃபேன்சி கடைக்கு அனுப்பியது. ஜெனுஷா என் சித்தி பெற்றீசியாவின் மகள். வயது பதினாறு. எங்களுக்குத் தோட்டத்தில் ஒரே லயம், ஒரே வீட்டு வரிசை; அடுத்தடுத்த காம்பரா. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் கேட்கும்.

கடையில் என் வேலை வளையலும் கிளிப்பும் எடுத்துக் கொடுப்பது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வளையல் பார்க்க வருவதில்லை. கையால் தாடையை மறைத்துக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, நானா தொழுகைக்குப் போகும்வரை சீப்பு பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள இது போயிருமா?"

"எந்த ஞாயிறு?"

"நாளைக்கு."

"நாளைக்குப் போகாது. டிசம்பர்ல நத்தாருக்குப் பாப்பம்."

"நத்தாருக்கு இன்னும் நாலு மாசம் இருக்கேக்கா."

"பருவுக்கும் அது தெரியும்."

சிரிப்பார்கள். சிரித்த பிள்ளை சொன்னதைக் கேட்கும். கிள்ளாதே என்பேன். தலையணை உறையை வாரம் ஒரு தடவை துவை என்பேன். மூடுபனி என்றாலும் வெயிலுக்குப் பூசுகிற கிறீமைப் பூசு என்பேன். ஒப்பனை தொடங்குகிறவர்களுக்கும் என்னிடம் முறை உண்டு. பவுண்டேஷனைக் கையில் பூசி நிறம் பார்க்கக் கூடாது, கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடை ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடை டியூப் லைட்டை நம்பி வாங்கினால் கோயிலில் மாவு மூட்டைக்குள் விழுந்து எழும்பியவள் மாதிரி நிற்க வேண்டி வரும். பருவை மறைக்கிற கிறீமை ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் கழுவிவிட வேண்டும். திலக்ஷன் என்று ஒரு பையன்கூட வந்தான், அண்ணனின் கலியாண வீடியோவுக்காக. அவனுக்கும் ஒற்றக் கற்றுக் கொடுத்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். சொல்லவில்லை, இப்போது உங்களிடம் தவிர.

இப்படி நாற்பத்தொரு பிள்ளைகள். ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை. காரணம், சோதித்துப் பார்க்காத எதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. நீங்கள் எழுதச் சொன்னதும் அதைப் பற்றித்தான்.

சோதிக்கிற முறையை நான் தோட்டத்தில் கற்றேன். என் அப்பா அன்டன் தேயிலைக்கு மருந்து அடிக்கிறவர், முதுகில் டாங்கி சுமக்கிறவர். புதிதாக ஓர் இலை மருந்து வந்தால் தோட்டத்துத் துரை அதை மலை முழுக்க அடிக்க விடமாட்டார். நாலு நிரைக்கு அடித்து, பக்கத்து நாலு நிரையைச் சும்மா விட்டு, நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சி ஊன்றுவார்கள். ஒரே மண், ஒரே மழை. எது மருந்தால் வந்தது, எது தானாக வந்தது என்று அப்போதுதான் பிரித்துச் சொல்லலாம். ஒரு தடவை மருந்து அடித்த நாலு நிரையும் கருகிவிட்டது.

"அந்தச் செடிங்க பாவமில்லையாப்பா?" என்று கேட்டேன்.

"நாலு நிரைக்குப் பாவம் பாத்தா மல பூராக் கருகிப்போயிரும்மா" என்றார்.

முகத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே வயது. ஆண்டவர் ஓர் ஆளுக்கு இரண்டு கன்னம் கொடுத்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

உன் முகத்தில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் ஒரு காலத்தில் பரு கொட்டிக் கிடந்தது; வகுப்பில் என் பெயர் பலாப்பழம். ஆனால் கடையில் சேரும்போது அது தானாகவே வடிந்துவிட்டது. பரு இல்லாத முகத்தில் பரு மருந்தைச் சோதிக்க முடியாது. அதோடு, நான் கவுண்டரில் நிற்கிறவள். என் முகம் கெட்டால் என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜெனுஷாவுக்குப் பதினாலு வயதில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்து அழுதுகொண்டு நேரே எங்கள் காம்பராவுக்குத்தான் வந்தாள். "அக்கா, எதையாச்சும் போடுங்க" என்றாள். எதையாச்சும் என்பது அவளுடைய வார்த்தை. நான் குறித்து வைக்கிற கொப்பியின் முதல் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது.

வலது கன்னத்துக்கு நல்லதாகத் தெரிந்ததைப் போட்டேன்: மென்மையான முகச் சவர்க்காரம், எண்ணெய் இல்லாத கிறீம், பார்மசியில் கேட்டு வாங்கிய பரு மருந்து பட்டாணி அளவு. இடது கன்னத்துக்கு, பிள்ளைகள் கடையில் வந்து "இதப் போட்டா போகுமாமேக்கா" என்று கேட்கிறதைப் போட்டேன்.

முதலில் பற்பசை, பதினொரு நாள். தோல் உரிந்தது. ஆறவிட்டு, எலுமிச்சையும் உப்பும். மூன்றாம் நாள் விளையாட்டுப்போட்டி வெயிலில் நின்றாள், கறுப்பு விழுந்தது. அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது, கண்ணுக்கு நேர் கீழே. பிறகு அப்பச்சோடா, ஒரு வாரம். அப்பத்துக்குத்தான் நல்லது. பிறகு வெள்ளைப்பூண்டு, அரைத்து, துணி வைத்துக் கட்டி.

"எரியுதுக்கா" என்றாள்.

"எத்தன நிமிஷத்துல எரியுது?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஆறு."

ஒரு மணித்தியாலம் வைத்திருந்தோம். கொப்புளம் போட்டது. நீங்கள் விரலால் தொட்டுப் பார்த்த அந்த நாலு குழியும் பூண்டுடையவை. இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது பூண்டு என்று வாயெடுத்தால், ஆறு நிமிஷத்தில் எரியும், வேண்டாம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இதுவரை ஒன்பது பேரைத் தடுத்திருக்கிறேன்.

இதை ஏன் வீட்டில் ஒருவரும் காணவில்லை என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஜெனுஷா கெட்டிக்காரி. பஸ்ஸில் இடது ஜன்னலோரம் உட்காருவாள். கோயிலில் இடது சுவரோடு ஒட்டி நிற்பாள். சாப்பிடும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் இரண்டு பேருக்குள் அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று வலது கன்னத்தைத் தடவி, "இது கொழும்புக் காபட் ரோடுக்கா" என்றாள். இடது கன்னத்தைத் தடவி, "இது நம்ம தோட்டத்து ரோடு. எலெக்ஷன் வந்தாத்தான் சரி வரும்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அதே நாள்தான் என்று நினைக்கிறேன், ஒன்று கேட்டாள்.

"அக்கா, இனி இந்தப் பக்கத்துக்கும் நல்லதையே போடுவமா?"

"அப்ப எத வச்சி ஒப்பிட்டுப் பாக்குறது?"

"அதுவும் சரிதான்" என்றாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

இப்போது நீங்கள் முக்கியமாக அறிய வேண்டியதுக்கு வருகிறேன். போன ஆகஸ்ட்டில் ஒரு சாமான்காரர் கடையில் சின்ன வெள்ளைக் கிறீம் சிமிழ்கள் ஆறு வைத்துவிட்டுப் போனார், மாதிரிக்கு. நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுச் சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரும் இல்ல, ஊரும் இல்ல, என்னா போட்டிருக்குன்னும் இல்ல. இத நம்ம புள்ளைகளுக்கு விக்க ஏலுமா? தூக்கி வீசுங்க புள்ள" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. குப்பைப் பெட்டியில் நான்தான் போட்டேன், மாலையில் நான்தான் எடுத்தேன். வெளியே வேறு கடைகளில் பிள்ளைகள் இதை வாங்கக்கூடும் அல்லவா? யாராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதைப் பூசிய பன்னிரண்டு நாளில் இடது கன்னம் வலதைவிட மினுங்கியது. குழி இருந்தாலும் சிவப்பு இல்லை, பரு ஒன்றுகூட இல்லை. ஜெனுஷா அந்தச் சனிக்கிழமை தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொப்பியில் "ஜெனு சிரித்தாள்" என்று எழுதியிருக்கிறேன். அது அவதானிப்பில் சேராது. இருந்தாலும் எழுதினேன்.

பதின்மூன்றாம் நாள் நிறுத்தினேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமே. நாலு நாளில் கன்னம் முழுக்கக் கொப்புளித்தது. திரும்பவும் பூசினேன், அடங்கியது. நிறுத்தினேன், முன்னதைவிட மோசமாகக் கிளம்பியது. ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம், இரண்டு தடவையும் இருக்கலாம் என்பதால் மூன்றாம் தடவையும் செய்தேன். நீங்கள் பார்த்த அந்த மெல்லிய தோலும் நூல் நூலான சிவப்பு நரம்பும் மூன்றாம் தடவையோடு வந்தவை. மீதிச் சிமிழ்களை இத்துடன் அனுப்புகிறேன்.

வெளியே தெரிய வந்தது ஸ்டூடியோவில். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படம் கேட்டார்கள். சித்தி அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார், நானும் போனேன். படம் பிடிக்கிற ஜீவராஜ் அண்ணன் பகிடிக்காரர்.

"தங்கச்சி, நேரா பாருங்க."

"நேராத்தான் பாக்குறேன்."

"அது நானுஓயாப் பக்கம்மா. கேமரா இங்க இருக்கு."

கொஞ்சம் திரும்பினாள். கொஞ்சம்தான்.

"மொகம் இன்னும் ரதல்லையத் தாண்டி இந்தப் பக்கம் வரலயே. ரெண்டு பக்கமும் சமமாத் தெரியணும்மா, இல்லாட்டி அட்ட குடுக்கிற கந்தோருல திருப்பி அனுப்பிருவாங்க."

சித்திக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து போய் மகளின் தாடையை இரண்டு விரலால் பிடித்து நேரே திருப்பினார். இரண்டு பக்கமும் பெரிய லைட். சித்தி விடிய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது மகள் போர்வைக்குள், வரும்போது அடுப்புப் பக்கம் திரும்பியிருப்பாள். இரண்டு வருஷத்தில் இரண்டு கன்னத்தையும் சேர்த்து அன்றுதான் பார்த்திருக்கிறார்.

"ஏய் ஜெனு... இது என்னாடி இது?"

"தூங்குற பக்கம்மா. தலகாணி ஒரசி."

என்னை ஒரு தடவைதான் பார்த்தாள். உங்களிடமும் அதையே சொன்னாள். நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் முகத்தில் தெரிந்தது. அன்று படம் எடுக்கவில்லை. இந்தக் கன்னத்தோடு அட்டையில் இருக்கமாட்டேன், பரீட்சையும் வேண்டாம் என்று போர்வைக்குள் படுத்திருக்கிறாள். மாத முடிவுவரை பார்ப்பதாக வகுப்பாசிரியர் சொல்லியிருக்கிறார். ஆகவே, டொக்டர், நீங்கள் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். வலது கன்னம் மூன்றாம் மாதமே தெளிந்துவிட்டது. எது நல்லது என்று எனக்கு அன்றே தெரியும். அன்றைக்கே அதை இடது பக்கத்துக்கும் பூசியிருந்தால் அவள் இன்று படமெடுத்து, அட்டைக்கு விண்ணப்பித்து, வரலாற்றுப் பாடத்தைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாள். பூசவில்லை. தெரியாமல் அல்ல, தெரிந்துதான். பிள்ளைகள் புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாற்பத்தொரு முகத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் ஒரு முகம்கூட இல்லை, அரை முகம். சித்தி என்னோடு பேசுவதில்லை. படிக்காதவர், அவருக்கு முறை புரியாது. உங்களுக்குப் புரியும்.

அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள். நீங்கள் தரும் மருந்தைக் கன்னம் முழுக்கப் பூச வேண்டாம். காதோரம் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தைச் சும்மா விட்டால்தான், ஆறியது உங்கள் மருந்தாலா தானாகவா என்று நம் இருவருக்கும் தெரியும். ஜெனுஷாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். போர்வையை விலக்கினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, "எந்த எடத்துலக்கா?" என்று கன்னத்தைக் காட்டினாள். புருவப் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். கிளினிக்குக்கு வரும்வரை அழியாமல் பார்த்துக்கொள்வாள்.