மூன்றாவது தூணுக்கு எழுதிய வரி

பாலத்தின் வரைபடத்தில் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயம். உங்கள் பெயர் இந்த அறைக் கதவிலேயே இருக்கிறது.

நான் சேவுகம்பட்டி ஒச்சம்மாள். எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போடக் கற்றவள், கணக்கில் பி.எஸ்ஸி. வத்தலக்குண்டு சாலையில் வெள்ளைக்காரன் காலத்துப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்களே, அதன் படம் முழுக்க நான் வரைந்தது. இன்ஜினீயர் நாச்சிமுத்து கையெழுத்து மட்டும் போட்டார்.

மூன்றாவது தூணின் அடித்தளத்துக்காக ஆற்று மணலில் கிணறு இறக்கினார்கள். இருபதடியில் கல் தட்டியது. இன்ஜினீயர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "பாறை வந்திருச்சு. போதும், நிறுத்திக்கங்க."

ஜீப் போனதும், உள்ளே தோண்டிக்கொண்டிருந்த ராயப்பராஜ் சொட்டச் சொட்ட ஏறி வந்தார்.

"தாயி, அது பாறை இல்ல, உருட்டுக்கல்லு. கடப்பாறையப் போட்டா ஆடுது. இன்னும் ஆறடி போகணும். நான் சொன்னா, நீ எந்தக் காலேசுல படிச்சேன்னு கேப்பாரு. நீ படத்துல எழுதிரு."

எழுதினேன். 'உருட்டுக்கல். மேலும் ஆறடி இறக்குக.' படம் வரையும் துணியில், மையால். அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்ஜினீயரிடம் என் பெயரைப் போடும்படி கேட்டேன்.

நாச்சிமுத்து சிரித்தார். "ஏனம்மா, கோலம் போடறவ வாசல்ல பேரெழுதீட்டா போறா?"

என் மேசைக்குத் திரும்பி, பிளேடால் அந்த வரியைச் சுரண்டினேன். பொய்யாக ஓர் எழுத்துகூட எழுதவில்லை. இருந்ததை எடுத்தேன், அதுவும் நான் எழுதியது. அவர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

மறுநாள் ராயப்பராஜைப் பழனிப் பக்கம் வேறு வேலைக்கு மாற்றினார்கள். பஸ் ஏறும்போது, "எழுதிட்டியா தாயி?" என்றார். "எழுதினேன்" என்றேன். அதுவும் உண்மை.

பாலம் திறந்த பிறகு வந்த ஐப்பசி வெள்ளத்தில் மூன்றாவது தூண் சாய்ந்தது. பஸ்ஸோடு பத்தொன்பது பேர். வெள்ளத்தைப் பார்த்துப் பயந்து பாதிப் பேர் இறங்கி நின்றார்களாம். லீவில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ராயப்பராஜ்தான், "ஏறுங்கப்பு, இதோட அடி எனக்குத் தெரியும்" என்று அவர்களைத் திரும்ப ஏற்றியிருக்கிறார். பிழைத்த கண்டக்டர் சொன்னது.

வருத்தம் இருக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையதில்லை. நாச்சிமுத்து சஸ்பெண்டில் இருக்கிறார்.

அவர் நாற்காலிக்கு வந்து, இந்த விசாரணையையும் நடத்துகிற நீங்கள், அதே இடத்தில் கட்டப்போகும் பாலத்துக்கும் என்னையே வரையச் சொன்னீர்கள். பெயர் கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்லைம்மா" என்றீர்கள். நேற்று அந்தப் படத்தில் கையெழுத்திட்டு, நகலை வேலையிடத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ராஜினாமாக் கடிதம் மேசையில் இருக்கிறது. அதில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். நான் வருகிறேன்.

பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடம் தெரியும். புதுப் படத்தையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.