பின்கட்டில் கேட்ட குரல்

— பெட்டிய மாத்திப் புடி ஜக்கையா. உன் பக்கம் தணிஞ்சுக்கிட்டே போகுது.

— சின்னமுத்து, நில்லு மாப்ளே. கூப்பிட்டியா?

— நானா? பெட்டிய மாத்திப் புடின்னேன்.

— அது இல்ல. என் பேரு. அந்தா, தண்ணி விழுகுற பக்கம்.

— ஓடைடா அது. குரங்கணியத் தாண்டிட்டா எட்டு வைக்கிற எடமெல்லாம் ஓடைதான். எல்லாம் உன் பேரையா சொல்லும்?

— சொல்லுது. பத்து நாளா எங்க தண்ணிச் சத்தம் கேட்டாலும் சொல்லுது. ஆஸ்டல்ல குழாயத் தொறக்கவே பயமா இருக்கு.

— வெரசா நட அப்பு. மழை எறங்குறதுக்குள்ள தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போயிரணும். சுருளியோட ஆத்தா வழி பாத்துக்கிட்டிருக்கும். தந்தி மலையேறி வர்றதுக்குள்ள மதுரையிலயே அவன மண்ணுக்குள்ள வச்சாச்சு. பெத்தவ பாக்குறதுக்கு இந்தத் தகரப்பெட்டிதான் மிச்சம்.

— அந்த ஆத்தாகிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் உங்கூட வந்தேன்.

— என்ன சொல்லப் போற? நானும் உங்க சாதிதான், காலேசுல சேந்த நாள்ல இருந்து ஒளிச்சு வச்சிருக்கேன்னா?

— குத்தாத மாப்ளே.

— குத்தல. போடியில பஸ்ச விட்டு எறங்குனதுல இருந்து என் மூஞ்சியவே பாக்குற, அதான் கேட்டேன்.

— இண்டர்ல சேந்த மொத வாரத்த நெனச்சுக்கிட்டு வந்தேன். ஆஸ்டல் சாப்பாட்டுக் கூடத்துல தண்ணி ஊத்துறவரு, டம்ளர எடுங்க தம்பின்னாரு. சுருளி டம்ளரத் தொடல. ரெண்டு கையையும் குவிச்சு வாய்க்கிட்ட வச்சுக் குனிஞ்சான்.

— பொறந்ததுல இருந்து ஊருக்குள்ள அப்படித்தான குடிச்சிருக்கோம். தண்ணின்னதும் கை தானாக் குவிஞ்சிருச்சு. நெறஞ்ச கூடமே திரும்பிப் பாத்துச்சு. அவன் யாருன்னு அத்தன பேருக்கும் புரிஞ்சு போச்சு.

— அவன் தலைய நிமித்தவே இல்ல. நீ உன் டம்ளரக் கவுத்து வச்ச. நீயும் கையக் குவிச்ச.

— வேற என்ன செய்ய? அவன ஒத்தையில குனியவிட்டுட்டு எனக்குத் தண்ணி எறங்குமா?

— எனக்கு எறங்குச்சே. டம்ளர்லதான் குடிச்சேன்.

— குடிச்ச. மறுநாளே எங்க ரெண்டு பேருக்கும் பின்கட்டுல எல போட்டாங்க. சுதந்திரம் வந்து எட்டு வருசமாச்சு, நமக்கு எல பின்கட்டுலதான். நீ கூடத்துலயே உக்காந்த.

— சுருளி என்னத் திட்டுனானா?

— ஒரு சொல்லு சொன்னதில்ல. ஒருத்தனாவது உள்ள இருந்து படிக்கட்டும்டா, எதுக்க வந்தாச் சிரிச்சுக்கூட வச்சிராத, அவனுக்குத்தான் கேடுன்னான். எனக்குத்தான் மனசு ஆறல.

— நீங்க ரெண்டு பேரும் காய்ச்சலாப் பின்கட்டு அறையில கிடந்தீங்கள்ல, அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம்...

— ஆஸ்டலே பந்தாட்டம் பாக்கப் போயிருந்துச்சு.

— நான் போகல. உங்களப் பாக்கணும்னு அறை வாசல் வரைக்கும் வந்தேன். கூடத்துப் பயலுக ரெண்டு பேரு பின்னாடியே வந்துட்டாங்க. உள்ள இருந்து, ஜக்கையா தண்ணின்னு ஒரு குரல். தொண்டை கிழிஞ்ச குரல். மறுபடியும் கேட்டுச்சு. உன்ன எதுக்குடா அவன் பேரு சொல்லிக் கூப்பிடுறான்னாங்க. எனக்கென்ன தெரியும்னு சொல்லிட்டு அவங்க கூடவே போயிட்டேன். சாயங்காலம் சுருளி செத்துப் போனான்னு சொன்னாங்க. ஏன் மாப்ளே நின்னுட்ட?

— அட்டை. கால்ல ஏறிருச்சு.

— எங்க, காட்டு.

— வேணாம், நட. உன் பேரத்தான் சொல்லுச்சா?

— என் பேரத்தான். ஒரு செம்புத் தண்ணி குடுத்திருந்தா சுருளி பொழச்சிருப்பான்.

— இத அந்த ஆத்தாகிட்டச் சொல்லப் போறியா?

— சொல்லாம என்னால இந்த மலைய விட்டு எறங்க முடியாது.

— சொல்லிட்டு நீ எறங்கிருவ. அந்த ஆத்தால்ல இங்கன கிடக்கணும். மகன் நாக்கு வறண்டு செத்தாங்கிற நெனப்போட ஏலத்தோட்டத்துல காய் எடுத்துக்கிட்டு.

— அப்ப நான் என்னதான் செய்ய?

— தெரியல அப்பு. லயம் வந்துருச்சு. தலையில சாக்கப் போட்டுக்கிட்டு நிக்குது பாரு, அதான் குருவம்மாத்தா.

— வாங்கப்பு. நீ சின்னமுத்துதான? எம்மவன் லீவுக்கு வந்தா உம்பேச்சுத்தான். பெட்டிய எறக்குங்க சாமி. இந்தப் பிள்ளை யாரு?

— ஜக்கையன், ஆத்தா. எங்க கூடப் படிக்கிறவன்.

— நம்ம பிள்ளையா?

— ஆமா ஆத்தா. நானும் நம்ம பிள்ளைதான்.

— மூணு பேரு இருந்தீங்களா அங்க? அது போதும் சாமி. அத்தன பெரிய எடத்துல எம்மவன் நாதியத்துக் கிடந்தானோன்னு எனக்கு உறக்கமே இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசியா அவன் என்ன கேட்டான்?

— தண்ணி கேட்டான் ஆத்தா. ஜக்கையான்னு என் பேரச் சொல்லிக் கேட்டான். நான் வாசல்லதான் நின்னேன். குடுக்காமப் போயிட்டேன்.

— என்னப்பு சொல்லுது இந்தப் பிள்ளை? சின்னமுத்து, நீ எம்மவன் பக்கத்துலதான படுத்திருந்த? நீ சொல்லு.

— அவன் தண்ணி கேக்கல ஆத்தா. காலையில கஞ்சி குடிச்சான், ஒன்னப் பத்திப் பேசிக்கிட்டிருந்தான், உச்சிப்பொழுதுக்கு முன்னாடியே உறக்கத்துல போயிட்டான். அவன் கை சில்லுன்னு ஆயிருச்சு. எனக்கு எந்திரிக்கத் தெம்பில்ல, ஒத்தையில கிடக்கப் பயம். ஜக்கையா, அன்னைக்குத் தண்ணி கேட்டு உன்னக் கூப்பிட்டது நான்டா.