ரெண்டாம் மாடி இங்கிலீஷ் மிஸ்

வேணாம் டீச்சர், நீங்க கை வைக்காதீக. வாழைப்பூக் கறை லேசுல போகாது. நாளைக்கு நீங்க போர்டுல எழுதுறப்ப பிள்ளைக எழுத்தப் பாக்காது, விரலத்தான் பாக்கும். நான் எண்ணெய் தடவியிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க அந்த மோடாவ இழுத்துப் போட்டு உக்காருங்க. பேச்சுத் துணைக்கு இருந்தாப் போதும். நீங்க பேசாட்டியும் பரவால்ல, நான் பேசுறேன். ஊர்ல எல்லாரும் என்னைய கூச்சக்காரின்னுதான் சொல்லுவாக. வாஸ்தவம்தான். ஆனா இங்க தமிழ் பேச ஒரு ஆளு கிடைச்சா கூச்சம் எங்கிட்டோ ஓடிப்போயிருது.

ம்? ஆமா, இந்தக் கள்ளன எடுத்துப் போட்டுரணும். ஒவ்வொரு பூவுலயும் ஒருத்தன் வெறச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, மண்டை பெருத்தவன், என்ன செஞ்சாலும் வேக மாட்டான். இந்த வங்காளத்துக்காரவுகளும் வாழைப்பூ செய்வாக, மோச்சாம்பாக. நம்மள மாதிரியேதான் ஆய்வாக, கடைசியில உருளைக்கிழங்கையும் சீனியையும் போட்டுருவாக. எதுலதான் சீனி போடல? வந்த புதுசுல ஒரு வீட்டுல பருப்பு குடுத்தாக, நான் பாயாசமாக்கும்னு டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன். மூஞ்சியச் சுழிக்காதீக. கொஞ்ச நாள் போகட்டும், சீனி போடாத பருப்பு உங்களுக்கே கரிக்கும்.

நேத்து அழுதீகளா? இல்ல, செவுத்துக்கு அங்கிட்டுதான நீங்க, கேட்டுச்சு. தூசியா? சரி, தூசிதான். எனக்கும் வந்த புதுசுல தெனம் தூசி விழுந்துச்சு. இது வெளிநாடுன்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரவுக சிரிக்கிறாக. அவுகளுக்கென்ன, ரயில்வே ஆபீஸ்ல பேச ஆளு இருக்கு. வீட்டுக்குள்ளயே கெடக்குறவளுக்கு பாஷ புரியாத ஊரெல்லாம் வெளிநாடுதான்.

பால்காரர்கிட்ட நீங்க இங்கிலீஷ்ல பேசுனீகளாம்ல? அந்த மனுசன் பயந்துபோயி என்கிட்ட வந்து, அந்தம்மா என்னைத் திட்டுதான்னு கேக்குறாரு. கடைத்தெருவுல இங்கிலீஷ் ஆகாது டீச்சர். தாதான்னு கூப்பிட்டு விரலக் காட்டுங்க, போதும். ஐய, நம்ம ஊரு தாதா இல்ல, அண்ணன்னு அர்த்தம். நான் ஒரு வருசம் விரலக் காட்டியே குடும்பம் நடத்துனேன்.

பாஷ தெரியாததுலதான் வந்துச்சு வினை.

கீழ்வீட்டு கோஷ் பவுதியப் பாத்தீகள்ல? பவுதின்னா அண்ணி. நாங்க வந்து எறங்குன அன்னைக்கே ஒரு தட்டு நெறைய சந்தேஷ், இந்த ஊரு பால் இனிப்பு, எடுத்துக்கிட்டு மாடியேறி வந்துட்டாக. வங்காள பாஷையில ஏதோ கேட்டாக, முழிச்சேன். இந்தியில கேட்டாக, அதுக்கும் முழிச்சேன். தட்ட வாங்கிக்கிட்டு தேங்க் யூன்னேன். அதுவும் பாதிதான் வெளிய வந்துச்சு. அம்புட்டுதான், பவுதி மூஞ்சி மாறிப்போச்சு. மதராஸிக்காரி, இந்தி தெரியல, வங்காளம் தெரியல, அப்ப இவளுக்கு இங்கிலீஷ்தான் பேச்சுன்னு முடிவு கட்டிட்டாக. இங்க அப்படி ஒரு நம்பிக்கை. மதராஸின்னா மூணு வேளையும் இட்லி, கறி தொட மாட்டாக, கனவு காணுறதுகூட இங்கிலீஷ்ல. நான் மானாமதுரைக்காரி, ஆட்டுக்கறி இல்லாட்டி எனக்கு ஞாயித்துக்கிழமையே விடியாது. படிச்சது அஞ்சாங்கிளாசு. இங்கிலீஷ் எழுத்துக்கு வந்து சேர்ந்தப்ப தம்பி பொறந்துட்டான், தொட்டில் ஆட்ட நிப்பாட்டிட்டாக.

உண்மையச் சொல்லியிருக்கலாமேங்குறீகளா? எந்த பாஷையில டீச்சர் சொல்லுறது? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லுறதுக்கே ஒரு பாஷ வேணும்ல?

அதுக்கப்புறம் ஒரு ஆளு எட்டிப்பாக்கல. என்கிட்டப் பேசுனா நான் இங்கிலீஷ்ல திருப்பிப் பேசிருவேனோன்னு அவுகளுக்குப் பயம். அவுக பேசிருவாகளோன்னு எனக்குப் பயம். எங்க வீட்டுக்காரவுக காலையில ஆபீஸ் போனா சாயங்காலம்தான். அந்த ஒரு வருசம் பகல்ல எனக்குப் பதில் சொன்னது குக்கர் விசில் மட்டும்தான்.

உண்மையச் சொல்ல நாலு வார்த்தை வங்காளம் வந்தப்ப விசயம் கைமீறிப் போச்சு. ஒருநா பவுதி மகன் புபாய், மூணாப்பு, புஸ்தகத்தோட வந்து இந்தப் பாயில உக்காந்துட்டான். இங்கிலீஷ் வரலைன்னு பள்ளிக்கூடத்துல அடியாம், ஆத்தாக்காரி அனுப்பிவிட்டிருக்காக. நான் என்ன செய்ய? புஸ்தகத்த வாங்கி, விரிச்சு, அவன்கிட்டயே குடுத்தேன். படிச்சான். சரியா தப்பான்னு எனக்கு என்ன தெரியும்? புருவத்த மட்டும் லேசாத் தூக்குனேன். பயந்துபோயி திரும்பப் படிச்சான். மறுபடி தூக்குனேன். என்னமோ தப்பு பண்ணிட்டோம் போலன்னு எழுத்தெழுத்தாக் கூட்டி, அவனே திருத்திக்கிட்டான். அப்பத்தான் வெரி நைஸ்னேன். அந்த ரெண்டு வார்த்தை என்கிட்ட இருந்துச்சு. அரைப் பரிட்சையில இங்கிலீஷ்ல மொத மார்க்கு அவன்தான்!

நீங்க சிரிச்சா நல்லாத்தான் இருக்கீக. வந்ததுலருந்து இப்பத்தான் பாக்குறேன்.

இப்ப சாயங்காலம் ஆனா இந்தப் பாய் பத்த மாட்டேங்குது. பிள்ளைகளும் மிஸ்ஸுங்குது, அம்மாமாரும் மிஸ்ஸுங்குறாக. காசா? ஆத்தாடி, வாங்கவே மாட்டேன். ஆனா எந்த வீட்ல இலிஷ் மீன் வாங்குனாலும் நடுத்துண்டு எனக்கு வந்துருது. இங்க பொறந்த என் மக சஹானாவுக்கு காய்ச்சல்ல வெட்டு வந்து கைகால் இழுத்தப்ப, எங்க வீட்டுக்காரவுக ஆபீஸ்ல. பவுதிதான் செருப்புகூடப் போடாம பிள்ளையத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுனாக. மிஸ்ஸோட பிள்ளை, வழிவிடுங்க, வழிவிடுங்கன்னு கத்திக்கிட்டே. நான் பின்னாடியே அழுதுக்கிட்டு ஓடுறேன். அன்னைக்குத்தான் எனக்கு இது ஊராச்சு.

அப்பப் பாத்து நீங்க வந்து எறங்குறீக. ரயில்வே பள்ளிக்கூடத்துக்குப் புது இங்கிலீஷ் டீச்சர், எம்.ஏ., அதுவும் எங்க செவுத்துக்கு அங்கிட்டு. எனக்கு எப்படி இருக்கும்? படியில பாத்தப்ப, பேசாம கரூருக்கே போயிரலாம்னு இருக்குன்னீகள்ல, நான் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் யோசிச்சேன், இவுகளும் போயிட்டா மறுபடி குக்கரோடதான தமிழ் பேசணும்னு. உடனே போயி வாழைப்பூ வாங்கிட்டேன், உங்களுக்கு வடை போட. போகாதீக டீச்சர்.

ஆனா ஒண்ணு. பவுதி கேட்டுட்டாக. புது டீச்சர் ரொம்பப் படிச்சவுகளாம்ல, இனிமே பிள்ளைகள அங்கிட்டு அனுப்பிரவான்னு. நான் பாட்டுக்கு நிக்கிறேன், வாய் பாட்டுக்கு ஒண்ணு சொல்லிருச்சு. இருங்க, இந்தக் கள்ளன் வர மாட்டேங்குறான்... ம், வந்துட்டான். ஒண்ணுமில்ல, நீங்க ஊர்ல என்கிட்டப் படிச்ச பொண்ணுன்னு சொல்லிட்டேன்.

ஆமா, இங்கிலீஷ்தான். எம்.ஏ. வரைக்கும். தண்ணி குடிங்க, சொம்பு பக்கத்துல இருக்கு. வயசா? அதெல்லாம் கேக்கல, நம்பிட்டாக. நம்புனதோட விட்டாப் பரவால்ல. மிஸ்ஸும் படிச்ச பொண்ணும் இங்கிலீஷ்ல பேசுறதக் கேக்கணுமாம். இன்னைக்கு வடை திங்க அதுக்குத்தான் எல்லாரும் வர்றாக.

பயப்படாதீக, நான் யோசிச்சு வச்சுட்டேன். நீங்க எம்புட்டு வேணும்னாலும் பேசுங்க. முடிச்சதும் நான் புருவத்தத் தூக்குவேன். நீங்க பதறிப்போயி, சொன்னதையே இன்னொருக்கா சொல்லணும். நான் வெரி நைஸ்னுருவேன். ஒரேயொரு சங்கடம், அவுக இருக்குறவரைக்கும் நான் உங்கள வா போன்னு, பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். கோவிச்சுக்காதீக.

கேக்குதா? மிஸ், மிஸ்ஸுன்னு படியிலருந்தே... சாயங்காலம்னாக, இப்பவே வந்துட்டாக! நீங்க ஏன் எந்திரிக்கிறீக? உக்காருங்க, அது உங்கள இல்ல, என்னைய. இருங்க பவுதி, வந்துட்டேன், கையெல்லாம் எண்ணெய்! அடியே தேவிப்ரியா, சிரிக்காத, நேரா உக்காரு. அவுக உள்ள வந்ததும் எந்திரிச்சு நின்னு, என்னையப் பாத்து, குட் ஈவினிங் மிஸ்ஸுன்னு சொல்லு.