ஊமைக் கட்டை

இந்த அறையின் மின்விசிறி தாளம் தப்பிச் சுற்றுகிறது, இன்ஸ்பெக்டர். நாலு சுற்றுக்கு ஒருமுறை லேசாக இழுத்துக்கொள்கிறது. பரவாயில்லை, ஓடட்டும். இந்த வெயிலில் கிங்ஸ்டனில் விசிறியை நிறுத்தச் சொல்கிறவன் பைத்தியக்காரன். என் காது அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

என் வீட்டு வேலியை ஒட்டி மீன் பொரித்து விற்கும் மிஸ் பேர்ல் உங்களிடம் சொன்னது உண்மைதான். சமையலறைச் சன்னல் விளிம்பில் மருந்துப் புட்டியைப் பார்த்ததாகச் சொன்னாளாமே. பார்த்திருப்பாள். பொய் சொல்கிற பெண் இல்லை அவள். ஆனால் புட்டியிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆர்கனிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுபத்தொன்றாம் வருடம். ஆரஞ்சு தெருவுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கிடங்கின் மாடியில் ஹென்ரிக்ஸ் ஸ்டுடியோ வைத்திருந்தார். டிரம்ஸ், பேஸ், டிராம்போன், கிதார், ஆர்கன் என்று நாங்கள் ஐந்து பேர். பாடகர்கள் வருவார்கள், பாடுவார்கள், போவார்கள். அவர்கள் போன பிறகு ஹென்ரிக்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டுவார். "இப்ப வாயில்லாம ஒண்ணு போடுங்கடா." அப்படிப் பிறந்தவைதான் அந்த வார்த்தையில்லாத பாட்டுகள். எல்லோரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். தப்பு வந்தால் தப்போடு இசைத்தட்டாகிவிடும். முந்தின நாள் ஹென்ரிக்ஸ் எந்த கௌபாய் படம் பார்த்தாரோ அதிலிருந்து பாட்டுக்கு ஒரு பெயர் வரும். தட்டின் நடுவில் 'ஹென்ரிக்ஸ் ஆல் ஸ்டார்ஸ்' என்று அச்சாகும். எங்கள் பெயர் எங்கும் இருக்காது. சனிக்கிழமை ஆட்டங்களில் ஊரே அந்தப் பாட்டுக்கு ஆடும்போது, சுவரோரம் பீர் பாட்டிலோடு நிற்கிறவன்தான் அதை வாசித்தவன் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் வருத்தப்பட்டதாக நினைவில்லை. வருத்தமெல்லாம் பின்னால் வந்தது.

அந்த ஸ்டுடியோ ஆர்கனில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் சத்தம் வராது. பழுது பார்க்கச் சொன்னால் ஹென்ரிக்ஸுக்குக் காது கேட்காது. ஆர்கன் வாசித்தவன் ஆஸ்மண்ட் பிரிஸ்கோ, பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். ஒருநாள் நாங்கள் எடுத்த மெட்டு நேராக அந்தக் கட்டையில்தான் போய் இறங்கியது. வேறு எவனாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு போயிருப்பான். ஆஸ்மண்ட் அழுத்தினான். சத்தம் வரவில்லை. டிரம்காரன் திகைத்துக் கையை நிறுத்தினான், பேஸும் நின்றது. பாட்டு மொத்தமும் ஒரு கணம் மூச்சைப் பிடித்து, பிறகு விட்டது. முடிந்ததும் ஹென்ரிக்ஸ் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. அடுத்தது" என்றார். அதுதான் 'குருட்டு ஷெரீப்'. நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் அப்பா நிச்சயம் கேட்டிருப்பார்.

சீக்கிரமே ஆஸ்மண்ட் மனந்திரும்பி, ஆட்டப் பாட்டெல்லாம் பாவம் என்று விட்டுவிட்டு மொரண்ட் பேயில் ஒரு சபைக்குப் போய்விட்டான். பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போனேன். "யாராவது கேட்டா என் பேரைச் சொல்லாதடா வெர்னி. அந்த ஆளு செத்துட்டான்னு சொல்லிடு" என்றான். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னது அவன்.

பல வருடங்கள் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒசாகாவிலிருந்து ஹிராயமா வந்தார். 'குருட்டு ஷெரீப்' தட்டை, குழந்தையைச் சுற்றுவதுபோல் ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மற்ற மூவரும் இறந்துவிட்டார்கள். கிதார்காரனாகிய நான் மட்டும்தான் கிடைத்தேன். ஆனால் அவர் கிதாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆர்கன் வாசித்தது யார் என்று கேட்டார். நண்பனின் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் "நான்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை என் கைகளைப் பார்த்து யாரும் அழுததில்லை.

பிறகு ஒரு ஆர்கன் வாங்கி முறையாகக் கற்றுக்கொண்டேன். ஒசாகாவில் வாசித்தேன், லண்டனில் வாசித்தேன். எங்கே போனாலும் அந்த மௌனத்தைப் பற்றிக் கேட்பார்கள். "ஏழைகளால் சொல்ல முடியாததை எல்லாம் அந்த இடத்தில் வைத்தேன்" என்பேன். நல்ல பதில்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள், ஒருவன் ஒரு காலையில் ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போகிறான். இன்னொருவன் அதைத் தூக்கிச் சுமந்து ஊர் ஊராகக் காட்டுகிறான். அது யாருடைய பிள்ளை?

போன ஈஸ்டருக்கு ஆஸ்மண்ட் என் வாசலில் வந்து நின்றான். மனைவி இறந்துவிட்டாள். சபைக்கு வந்த இளம் போதகர் ஒரு தாள மெஷினை வாங்கி வைத்துவிட்டு இவனை ஆர்கனிலிருந்து எழுப்பிவிட்டாராம். கையில் ஒரு பை, உடம்பில் சர்க்கரை வியாதி.

"டேய் வெர்னி, இன்னும் சாகலையா நீ?"

"நீ வந்து ஜெபம் பண்ணுவேன்னு காத்துட்டிருக்கேன்."

"ஜெபம் கிடக்கட்டும். திங்க ஏதாவது இருக்கா?"

பன்னும் சீஸும் கொடுத்தேன். இன்சுலின் புட்டியை என் ஃப்ரிட்ஜில் இஞ்சி பீர் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தான். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒசாகா படம் மாட்டியிருந்தது. ஆர்கனில் நான், எதிரே கூட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். இருமல் வரும்வரை சிரித்தான்.

"நீயா? ஆர்கனா? கிதார் பிடிச்சாலே உனக்குக் கை உதறுமேடா!"

"நீதானே பேரைச் சொல்லாதேன்னே."

"என் பேரைச் சொல்லாதேன்னேன். உன் பேரைச் சொல்லுன்னா சொன்னேன்?"

அந்த மௌனத்துக்கு நான் கொடுத்துவரும் விளக்கத்தைச் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "ஊமைக் கட்டைக்குப் பிரசங்கமா! எங்க போதகர்கூட இப்படி அவுத்து விட்டதில்லடா!"

அத்தோடு மன்னித்துவிட்டான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சந்தையிலிருந்து பின்வழியாக வந்தேன். வீட்டுக்குள்ளிருந்து 'குருட்டு ஷெரீப்' கேட்டது. நான் முன்னறைக்குள் நுழைவதற்கும் அவன் முடிப்பதற்கும் சரியாக இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து மிஸ் பேர்ல் கூவினாள். "மிஸ்டர் வெர்னல்! இன்னைக்குத்தான் ரெகார்டுல இருக்கிற மாதிரியே வாசிச்சீங்க! இத்தனை வருஷமா உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

ஆஸ்மண்ட் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். நான் சன்னல் பக்கம் போய், "நன்றி, பேர்ல்" என்றேன்.

எப்படி என்று அவனிடம் கேட்டேன். மறைக்காமல் காட்டினான். என் ஆர்கனில் அந்தக் கட்டை ஊமை இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் அவன் விரல் பழையபடியே கீழே இறங்குகிறது. கட்டையைத் தொடுகிறது, அழுத்துவதில்லை. என் விரலோ அங்கே சும்மா காற்றில் நிற்கும். இறங்கி ஏறுகிற விரலுக்கு அடுத்த சுரம் ஒரு மயிரிழை தாமதமாகக் கிடைக்கும். வித்தியாசம் அந்த மயிரிழைதான். நானும் தினம் முயன்றேன். வரவில்லை.

அப்போதுதான் ஹிராயமா தொலைபேசியில் பேசினார். நான் ஆர்கன் வாசிப்பதைப் படம் எடுக்கக் கேமராவோடு வருகிறாராம். ஆஸ்மண்ட் காதில் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை நான் வாசிச்சுக்கிறேன்டா வெர்னி. நீ பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரும் வாசிச்சதுன்னு சொல்லிக்கலாம். என்ன இப்போ?"

நியாயமான பேச்சு. பெருமையை முழுதாகக்கூட அவன் கேட்கவில்லை, பாதிதான் கேட்டான். ஆனால் மீன் பொரிக்கிறவளுக்கே கேட்ட வித்தியாசம் ஹிராயமாவுக்குக் கேட்காதா? அவன் கை கட்டையில் பட்டால் போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நான் சண்டைக்காரன் இல்லை. படப்பிடிப்பு முடியும்வரை அவன் கொஞ்சம் சோர்வாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவனுக்கு மருந்து வாங்க மருத்துவமனைக்குப் போவது நான்தான். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் வீரியம் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் மத்தியானம் அவன் தூங்கும்போது புட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்தேன். அடுத்த வீட்டுத் தகரக் கூரையின் வெப்பம் அங்கேதான் அடிக்கும். அவன் விழிப்பதற்குள் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிடுவேன். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஊசியை அவனே போட்டுக்கொண்டான். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.

சோளமாவுக் கஞ்சியில் கண்டென்ஸ்டு மில்க்கும் ஊற்றினேன்.

"இன்னைக்கு என்னடா இப்படி இனிக்குது?"

"பண்டிகைக் கஞ்சி."

"என்ன பண்டிகை?"

"நீ வந்ததுதான்."

ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டான்.

முதலில் தாகம் வந்தது. கேட்ட போதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். ஒருமுறைகூட இல்லை என்று சொல்லவில்லை. பிறகு வாந்தி, பிறகு ஓயாத தூக்கம். ஒரு காலையில் அவன் மூச்சில் அழுகின சப்போட்டா வாசனை அடித்தது. அந்த வாசனை வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.

மிஸ் பேர்ல் வேலியருகே வந்தாள். "பெரியவருக்கு என்ன? மூச்சு இழுக்கிற மாதிரி சத்தம் கேக்குதே. டாக்சி கூப்பிடட்டா?"

"உபவாசம் இருக்கார், பேர்ல். அவங்க சபை வழக்கம்."

அவள் போன பிறகும் அந்த மூச்சு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. அதை மறைக்கத்தான் ஆர்கனில் உட்கார்ந்தேன். அவன் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. 'குருட்டு ஷெரீப்' வாசித்தேன். மௌனம் வந்த இடத்தில் அவன் விரல் போர்வையின் மேல் ஒருமுறை இறங்கி ஏறியது. மிகச் சரியாக இறங்கியது.

அவனுக்கு நினைவு தப்பிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்னும் கேட்கிறது, இன்னும் காப்பாற்றலாம் என்று அப்போது புரிந்தது. மருத்துவமனை தூரமில்லை. நான் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மறுபடி, மறுபடி. இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. விரல் இறங்காமல் போனபோது எனக்கு அது வந்துவிட்டிருந்தது. வெளியே மிஸ் பேர்ல் கை தட்டினாள்.

அடுத்த வாரம் ஹிராயமா வந்தார். என் வாழ்நாளிலேயே அன்றுதான் மிக நன்றாக வாசித்தேன் என்றார். மறைந்த ஒரு நண்பனுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன்.

ஆமாம். ஆஸ்மண்ட் பிரிஸ்கோவைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு பிழையைத் தவிர. தொழில் என்ற இடத்தில் கிதார் வாசிப்பவர் என்று போட்டிருக்கிறீர்கள். ஆர்கன் என்று மாற்றுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய்யான ஒன்றில் நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?