பிந்தி விழும் கியர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். இந்த வெளிநாட்டில், ஊன்ட்றொப் ஊர்க் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் ஒருவரும் அவரைவிட இளையவர் ஒருவரும் கதைத்தார்கள்.

“கார் இருக்கேக்க ஏன் அண்ணை பஸ்?”

“பழைய ஓட்டோமாட்டிக், தம்பி. கியர் பிந்தித்தான் விழுது. காலமையில யோசிச்சுப்போட்டுத்தான் அசையுது.”

“உங்களைப் போல. கியர் எண்ணெய் கருகி மணக்குதோ?”

“இல்லை, சிவப்பாத்தான் இருக்கு. குறைஞ்சிட்டுது.”

“அப்ப கியர்பெட்டி தப்பும். ஒழுக்கை அடைச்சு எண்ணெய் விடுங்கோ. இல்லாட்டி வித்துப்போடுங்கோ. தனி ஆளுக்கு ஏன் கார்?”

“கார் ஓடினாத்தான் எனக்குப் போன் வரும். ஏர்போட்டுக்கு ஏத்திக்கொண்டு போ, டொக்டரிட்ட டெர்மினுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு. மூண்டு மாசமா ஒருத்தரும் எடுக்கேல்லை.”

இளையவர் வெளியே பார்த்தார். நான் என் போனை எடுத்துப் பார்த்தேன்.

பேத்தி, அந்த மனிசன் போனைப்பற்றிச் சொன்னதை ஒருக்கால் வாசித்துக் காட்டு, பிள்ளை.