ரஞ்சித்தின் போனை எடுத்தவன்

“ஹலோ... ஆங், அம்மா... நான்தாம்மா, எழிலரசன்.”

அடித்தது ரஞ்சித்தின் போன். எடுத்த எழிலரசன்தான் சற்று முன்பு கருங்கல்லால் ரஞ்சித்தின் மண்டையைப் பிளந்தவன். ராஜகிரிக் கோட்டை மலைக்குக் கீழே, குளத்துக்குப் பின்னால் ரஞ்சித் வாயைத் திறந்தபடி கிடந்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எடுக்காமல் விட்டால் அவன் அம்மா மங்கை தேடிக்கொண்டு வந்துவிடுவாள் என்றுதான் எடுத்தான், பாவி.

“ஆமாமா, இங்கதான் இருக்கான்... தூங்கறாம்மா, வேப்பமர நெழல்ல... சாப்டான், சாப்டான். பரோட்டா வாங்கிக் குடுத்தேன்... நீங்க கடலை மில்லுலயா இருக்கீங்க? மல்லாட்டை ஒடைக்கிற சத்தம் கேக்குது... இன்னாம்மா, ஏன் அழுவுறீங்க?... என்கிட்ட சொல்லுங்கம்மா. நானும் உங்க புள்ளதானே.”

அதைச் சொல்ல அவனுக்குக் கூசவில்லை. சட்டையில் தெறித்த ரத்தத்தை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

“ம்... ம்... ஆமா, முந்தாநேத்து போலீஸ் வந்துச்சு. மண்டபத்துல கல்லுக்கு அடியில இருந்த போதை மாத்திரை பூரா தூக்கிட்டானுங்க... எவனோ போட்டுக் குடுத்துட்டாம்மா... இன்னா சொன்னீங்க? நீங்களா?... இருங்க, இருங்க... நீங்களா ஸ்டேஷனுக்குப் போனீங்க? அந்த எடம் எனக்கும் ரஞ்சித்துக்கும் மட்டும்தானே தெரியும்!... அவன் பின்னாடியே வந்து பாத்தீங்களா?... அவனுக்குத் தெரியாதா?... சத்தியமாத் தெரியாதா?”

எழிலரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காலைப் பிடித்துக்கொண்டு ரஞ்சித் கதறியதும் இதைத்தான். நான் சொல்லலடா, நான் சொல்லலடா என்று அரை மணி நேரம் கதறினான்.

“...ம். கேக்குதும்மா... நான்தான் அவன்கிட்ட பக்குவமா சொல்லணுமா?... சரிம்மா... ஆமா, ஆமா, ஸ்கூல் பசங்களுக்கு விக்கிறது பாவம்தான்... இல்லம்மா, அவன் உங்க மேல கோவப்பட மாட்டான்.”

ஆம்புலன்சைக் கூப்பிட மூன்று எண் போதும். கூப்பிட்டால் பிழைத்துக்கொள்வான். பிழைத்தால் அடித்தது யார் என்று சொல்லிவிடுவான் என்பதும் எழிலரசனுக்கு உடனே தோன்றியது. தோன்றிய பிறகு கூப்பிடும் எண்ணத்தை விட்டுவிட்டான்.

“அவன் கொரலா?... தூங்கறவன எப்டிம்மா... சரி சரி, அழாதீங்க. இருங்க.”

போனை ரஞ்சித்தின் வாயருகே பிடித்தான். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

“கேட்டுச்சா?... கொறட்டைதாம்மா... இப்பதான் சிரிக்கிறீங்க... ஆமா, பாவம், நல்லாத் தூங்கட்டும்... சரிம்மா. எழுப்பல.”